கலங்கள் தாமாகவே சாவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. பரீட்சைக்காகக் கேட்கும் பிள்ளைக்கும், வாயில் ஆறாத வெள்ளைப் படையோடு வந்து கேட்கும் அம்மாவுக்கும் விடை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே இரண்டையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறேன்.

கலம் சாவது நோய்தானே? அது எப்படி ஆரோக்கியமாகும்?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளில் முப்பதாயிரம் கோடிக்கு மேற்பட்ட கலங்கள் போய்ப் புதியவை வருகின்றன. அவற்றுள் பெரும்பங்கு குருதிக் கலங்கள். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் இருக்கும். குடலின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணிக் கலத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள்தான் ஆயுள். கிருமிகளோடு போராடும் நடுநிலைநாடிகள் பல, ஒரு நாளோடு முடிந்துவிடுகின்றன. இவ்வளவு சாவு நடந்தும் நமக்குக் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை.

நான் வகுப்பில் முதலில் சொல்வது இதைத்தான்: கலம் தானாகவே வாழும், ஏதாவது தாக்கினால்தான் சாகும் என்று நினைக்காதீர்கள். கருவுள்ள நம் கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும், தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தேவையான நொதியங்கள் செயலற்ற வடிவில் எப்போதும் இருக்கின்றன. அயல் கலங்களும் ஓமோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் ‘இரு, இரு’ என்று இடைவிடாமல் சைகை அனுப்புவதால்தான் பெரும்பாலான கலங்கள் இருக்கின்றன. அந்தச் சைகை நின்றால் கலம் தன் முடிவைத் தானே தொடங்கிவிடும். இலண்டனில் ஆய்வு செய்த மார்ட்டின் ராஃப் 1992இல் இந்தக் கருத்தைத் தெளிவாக முன்வைத்தார். எனக்குத் தெரிந்தவரை உயிரியலில் இதைவிட வியப்பான செய்தி குறைவு.

நோய் வருவது இந்தக் கட்டுப்பாடு பிசகும்போது. போக வேண்டிய கலம் போகாமல் தங்கினால் புற்றுநோயும் சில தன்னெதிர்ப்பு நோய்களும் வரும். இருக்க வேண்டிய கலம் போய்விட்டால் பாரிசவாதத்தின் பின்னான இழப்பு, பார்கின்சன் நோய், முதலாம் வகை நீரிழிவு போன்றவை. ஆகவே ‘கலம் சாவது நல்லதா கெட்டதா’ என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் கலம், எப்போது, யாருடைய கட்டளையில் என்றுதான் கேட்க வேண்டும்.

தீக்காயத்தில் சாவதும் இப்படித் தானாகச் சாவதும் ஒன்றா?

இல்லை. லயத்தில் ஒரு காம்பரா தீப்பிடித்தால் பக்கத்துக் காம்பராக்களும் கருகும். அதே காம்பராவைத் தகரம் தகரமாக, பலகை பலகையாகக் கழற்றி இறக்கினால் அடுத்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டே இருக்கும். நசிவு முதல் வகை. கலம் நீர் புகுந்து வீங்கி, மென்சவ்வு கிழிந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டுகிறது. அதைக் கண்டு நோயெதிர்ப்புத் தொகுதி கொதித்தெழுகிறது. சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அதன் விளைவு.

அப்பொப்டோசிஸ் இரண்டாம் வகை. கலம் சுருங்குகிறது. கருவிலுள்ள டி.என்.ஏ. ஒழுங்கான துண்டுகளாக வெட்டப்படுகிறது. மேற்பரப்பில் குமிழ்கள் எழுந்து, கலம் சிறு பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொதியையும் மென்சவ்வு மூடியிருப்பதால் எதுவும் சிந்துவதில்லை. முழுவதும் சில மணிநேரத்தில் முடிந்துவிடும்.

இதை யார் கண்டறிந்தார்கள்?

ஜெர்மனியரான கார்ல் வோக்ட் 1842இலேயே, தேரை ஒன்றின் வளர்ச்சியில் கலங்கள் மறைவதைப் பார்த்து எழுதியிருந்தார். பின்னர் நெடுங்காலம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவுஸ்திரேலியரான ஜோன் கேர், எலியின் ஈரலுக்குச் செல்லும் வாயினாளத்தைக் கட்டிவிட்டு அந்த இழையத்தைப் பார்த்தபோது, சில கலங்கள் வீங்காமல் சுருங்கிச் சாவதைக் கவனித்தார். அவரும் அபர்டீனில் இருந்த அன்ட்ரூ வைலி, அலஸ்டெயர் கறி ஆகியோரும் 1972இல் எழுதிய கட்டுரையில்தான் அப்பொப்டோசிஸ் என்ற பெயர் முதலில் வந்தது.

ஆனால் கட்டளை எங்கே எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வட்டப்புழு. சீனோரப்டைற்றிஸ் எலிகன்ஸ் என்ற அந்தப் புழு ஒளி ஊடுபுகும் உடல் கொண்டது. ஜோன் சல்ஸ்டன் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து ஒவ்வொரு கலமும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தார். இருபாலினப் புழுவில் 1090 உடற்கலங்கள் உண்டாகின்றன, 131 சாகின்றன, 959 எஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131தான், அதே இடத்தில், அதே வேளையில். ரொபர்ட் ஹோர்விட்ஸ் அந்தச் சாவுக்குப் பொறுப்பான பரம்பரையலகுகளைப் பிடித்தார். செட்-3, செட்-4 என்பவற்றுள் ஒன்று பழுதானாலும் அந்த 131 கலங்களும் சாகாமல் இருந்துவிடுகின்றன. இவ்வாய்வை முதலில் தொடங்கிய சிட்னி பிரெனருடன் இருவருக்கும் 2002இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதே பரம்பரையலகுகளின் உறவினர் மனிதரிலும் இருக்கிறார்கள். செட்-3இன் மனித வடிவம்தான் புரதங்களை வெட்டும் கஸ்பேஸ் நொதியங்கள். மனிதரில் கலச்சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற பரம்பரையலகைப் புழுவுக்குள் வைத்தால் அங்கும் அது அதையே செய்கிறது. புழுவும் மனிதனும் பிரிந்து அறுபது கோடி ஆண்டு அளவில் ஆகிவிட்டன. அவ்வளவு காலமும் இந்த ஏற்பாடு கலையவில்லை.

டீச்சர், சாகும்படி கட்டளை எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகள் உண்டு. உயர்தர மாணவர்கள் இந்த விடையை ஆறுதலாக வாசியுங்கள்.

உள்வழி கலத்துக்குள்ளேயே தொடங்குவது. டி.என்.ஏ. பழுதாகிறது, அல்லது வளர்ச்சிக் காரணி கிடைக்காமல் போகிறது, அல்லது புரதங்கள் தவறாக மடிந்து குவிகின்றன. இந்தச் செய்தி, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணிக்குப் போகிறது. இழைமணியின் வெளிமென்சவ்வில் பக்ஸ், பக் என்ற இரு புரதங்கள் கூடித் துவாரம் இடுகின்றன. உள்ளேயிருந்து சைற்றோகுரோம் சி வெளியே கசிகிறது. நீங்கள் கலச்சுவாசப் பாடத்தில் இலத்திரன் கடத்தும் மூலக்கூறாகப் படித்த அதே சைற்றோகுரோம் சிதான். கலத்துக்குச் சக்தி கிடைக்க உதவும் மூலக்கூறு, இடம் மாறி குழியவுருவுக்குள் வந்துவிட்டால் சாவின் சைகையாகிவிடுகிறது. சியாவோடொங் வாங்கின் ஆய்வுகூடம் 1996இல் இதை அறிவித்தபோது பலர் நம்பத் தயங்கினார்கள். கசிந்த சைற்றோகுரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து ஏழு கைகள் கொண்ட சக்கர வடிவத்தை அமைக்கிறது. அதில் கஸ்பேஸ்-9 வந்து அமர்ந்து விழித்துக்கொள்கிறது. அது கஸ்பேஸ்-3ஐ எழுப்புகிறது.

வெளிவழி கல மேற்பரப்பில் தொடங்குவது. ஃபாஸ் என்ற வாங்கியை நோயெதிர்ப்புக் கலம் வந்து தொட்டால், உள்பக்கத்தில் கஸ்பேஸ்-8 திரண்டு செயற்படத் தொடங்குகிறது. அதுவும் கடைசியில் கஸ்பேஸ்-3இல்தான் போய்ச் சேரும்.

கஸ்பேஸ்-3 நூற்றுக்கணக்கான புரதங்களை அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கும் இடம் பார்த்து வெட்டுகிறது. கருவைத் தாங்கும் சட்டகம் விழுகிறது, டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தைக் கட்டிவைத்திருந்த புரதம் அறுந்து, அந்த நொதியம் விடுபடுகிறது. அதற்குப் பிறகு திரும்பி வருவது அரிது.

அப்படியானால் எல்லாக் கலமும் ஏன் சும்மா இருக்கும்போதே செத்துவிடுவதில்லை?

ஒவ்வொரு படியிலும் தடை இருப்பதால். முதன்மையான தடை பிசிஎல்-2 குடும்பம். இந்தக் குடும்பத்தில் மூன்று பிரிவினர். பிசிஎல்-2 போன்றவை கலத்தைக் காப்பவை: இரண்டாம் பிரிவான, துவாரமிடும் பக்ஸ், பக் இரண்டையும் பிடித்து வைத்திருக்கும். மூன்றாவது பிரிவான பூமா, நொக்சா, பிம் போன்ற சிறு புரதங்கள் கலத்தின் நெருக்கடியைச் சுமந்து வந்து, காப்பவற்றோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் பிடியைத் தளர்த்தும். கலம் இருப்பதா போவதா என்பது பெரும்பாலும் இம்மூன்றின் அளவு விகிதத்தில் தீர்மானமாகிறது. அதற்கும் கீழே எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதம் கஸ்பேஸ்களையே நேராக மடக்கி வைத்திருக்கிறது.

பிசிஎல்-2 கண்டறியப்பட்ட கதை முக்கியம். நிணநீர்க்கணுவில் வரும் ஒரு வகைப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதை 1980களின் நடுப்பகுதியில் கண்டார்கள். அந்த ஒட்டிடத்தில் இருந்ததுதான் பிசிஎல்-2. அதுவரை, புற்றுநோயை உண்டாக்கும் பரம்பரையலகு என்றால் கலத்தை வேகமாகப் பிரியச் செய்வது என்றே எல்லோரும் எண்ணினார்கள். 1988இல் மெல்பேர்னில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் மூவரும் பிசிஎல்-2 கலத்தைப் பிரிய வைக்கவில்லை, சாகாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். சாகாமல் இருப்பதும் புற்றுநோயின் தொடக்கமாகலாம் என்பது அன்று தெரிந்தது.

பி53 என்பது என்ன? பெரஹரா யானைக்குப் புற்றுநோய் வராதாமே?

டி.என்.ஏ. பழுதானால் அதை அறிந்து நடவடிக்கை எடுக்கும் புரதம் பி53. சிறு பழுதென்றால் கலப்பிரிவை நிறுத்திச் சீர்செய்ய நேரம் கொடுக்கும். பழுது பெரிதென்றால் பூமா, நொக்சா, பக்ஸ் ஆகியவற்றைக் கூடுதலாக ஆக்கச் செய்து கலத்தைச் சாவுக்கு அனுப்பும். 1979இல் கண்டறியப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் பரம்பரையலகு விகாரமடைந்திருக்கிறது.

யானைக்குப் புற்றுநோய் வரவே வராது என்பது சரியல்ல. அதன் உடற்பருமனையும் ஆயுளையும் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாக வருகிறது என்பதே சரி. நமக்கு இந்தப் பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஆபிரிக்க யானையின் மரபுத்தொகுதியில் இதன் 20 படிகள் இருப்பதாக 2015இல் அறிவித்தார்கள். ஆசிய யானையிலும் மேலதிகப் படிகள் உண்டு. பழுதுபட்ட யானைக் கலம் நம் கலத்தைவிட விரைவாகச் சாவைத் தேர்கிறது.

செத்த கலம் எங்கே போகிறது?

அயலில் உள்ள பெருந்தின்கலங்கள் விழுங்கிவிடுகின்றன. மென்சவ்வின் உட்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய பொஸ்பற்றிடைல்செரின் என்ற கொழுப்பு, சாகும் கலத்தில் வெளிப்பக்கத்துக்குப் புரள்கிறது. அதைத் தொட்டறிந்துதான் அவை வருகின்றன. இந்த அப்புறப்படுத்தல் தாமதமானால் பொதிகள் உடைந்து டி.என்.ஏ. வெளியே சிதறும், நோயெதிர்ப்புத் தொகுதி சொந்த டி.என்.ஏ.க்கே எதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கத் தொடங்கும். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயில் நடப்பவற்றுள் இதுவும் ஒன்று.

கிரகணத்தன்று காய் வெட்டியதால்தான் பிள்ளையின் விரல்கள் ஒட்டிப் பிறந்தன என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை அம்மா. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கருவில் கை முதலில் துடுப்புப் போல ஒரே தட்டாகத்தான் வளர்கிறது. விரல்களுக்கு இடையேயுள்ள கலங்களுக்குச் சாகும்படி சைகை வருகிறது. அவை போன பிறகு விரல்கள் பிரிகின்றன. இது கருவுக்கு ஏறத்தாழ எட்டு வாரமாகும்போது முடிந்துவிடும், பல பெண்களுக்கு வயிறு வெளியே தெரியும் முன்பே. சில பிள்ளைகளில் அந்தச் சாவு முழுமையாக நடப்பதில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் பிறப்புகளில் ஒன்றில் இப்படி விரல் ஒட்டியிருக்கும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். நிலவும் சூரியனும் அரிவாள்மணையும் இதில் எதுவும் செய்வதில்லை. வாத்தின் காலில் அதே இடத்துக் கலங்கள் சாவதை வேறொரு புரதம் தடுப்பதால்தான் அதற்குச் சவ்வுக்கால்.

தோல் மட்டும் ஒட்டியிருந்தால் சத்திரசிகிச்சையால் பிரித்துவிடலாம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அவர் உரிய வைத்தியரிடம் அனுப்புவார். பிள்ளையின் கையை மறைத்துப் போர்த்தி வளர்க்காதீர்கள்.

ஓடையில் வாற்பேத்தை தவளையாகும்போது வால் போவதும் இதே முறைதான். தைரொயிட்டு ஓமோன் கட்டளையிடுகிறது. பால்குடி மறந்தபின் தாயின் மார்பு பழைய நிலைக்குத் திரும்புவதும் பால் சுரந்த கலங்கள் இப்படிப் போவதால்தான். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது அதன் சூலகங்களில் அறுபது எழுபது இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கும். பிறக்கும்போது பத்திலிருந்து இருபது இலட்சம். பூப்பெய்தும்போது மூன்று நான்கு இலட்சம். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் போயிருக்கும்.

வெற்றிலை போடுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? அம்மாச்சி அறுபது வருடம் போட்டார், ஒன்றும் ஆகவில்லையே?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது இந்தக் கேள்விதான்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏன் வெற்றிலை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். விடியலில் மலையேறும்போது குளிர். பத்து மணிக்குப் பசி. மழையில் கால் மரத்துப்போகும். வாயில் ஒரு வாய் வெற்றிலை இருந்தால் உடம்பில் சூடு ஏறும், பசி அடங்கும், பக்கத்து நிரையில் நிற்பவளோடு பேச ஒரு காரணம் கிடைக்கும். இதைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உள்ளே நடப்பதை மறைக்கவும் எனக்கு உரிமையில்லை.

வாயின் உட்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பிக்கிறது. அதாவது அங்கே கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. புகையிலையிலுள்ள நைத்திரசமைன்கள் டி.என்.ஏ.யோடு ஒட்டி அதைப் பழுதாக்குகின்றன. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் பொருட்கள் ஒட்சியேற்றமடைந்து, டி.என்.ஏ.யைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்களைத் தருகின்றன. பழுதான கலத்தைப் பி53 சாவுக்கு அனுப்பும். அந்த இடத்துக்குப் புதுக் கலம் வரும். பல ஆண்டுகள் இப்படித்தான் போகும். ஆகவேதான் பலருக்கு ஒன்றும் ஆகாததுபோல் தெரிகிறது. ஒரு நாள் பழுது பி53 பரம்பரையலகின்மேலேயே விழலாம். அந்தக் கலம் பழுதோடேயே பிரியும், சாகாது. அயல் கலங்கள் ஒவ்வொரு வாய் வெற்றிலைக்கும் செத்துக்கொண்டிருக்க, சாகாத அந்த ஒன்றுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது. வாய்ப்புற்றில் பி53 விகாரம் மிகப் பரவலாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. அம்மாச்சிக்கு அந்தப் பழுது விழவில்லை, மகிழ்ச்சி. அது அடுத்தவருக்கு உத்தரவாதம் ஆகாது.

புகையிலை இல்லாமல் போட்டால் பரவாயில்லையா என்று உடனே கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பாக்குத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உட்பகுதி நார்பாய்ந்து, வாயை அகலத் திறக்க முடியாமல் போகும் நோய்க்கும் பாக்கே காரணம். அந்த இறுக்கம் வந்துவிட்டால் பெரும்பாலும் முழுமையாக இளகாது.

இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். வாயில் வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாய் திறப்பது குறைவு — இவற்றில் ஒன்றிருந்தாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர் சொல்வார். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது. சிவப்புப் படை வெள்ளையைவிட ஆபத்தானது. நேரத்தோடு பிடித்த வாய்ப்புற்றைக் குணப்படுத்த முடியும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. இருந்தும் போங்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றினால் முடி ஏன் கொட்டுகிறது?

பழைய வகை மருந்துகளும் கதிர்ச் சிகிச்சையும் டி.என்.ஏ.யைப் பழுதாக்கி, கலத்தைச் சாவை நோக்கித் தள்ளுகின்றன. வேகமாகப் பிரியும் கலம் எதுவோ அது அதிகம் அடிபடும். புற்றுக் கலமும் அப்படிப்பட்டது. மயிர்ப்புடைப்பு, வாயின் உட்தோல், குடல், என்புமச்சை ஆகியவையும் அப்படிப்பட்டவை. அதனால்தான் முடி கொட்டுவது, வாய்ப்புண், வயிற்றோட்டம், வெண்குருதிக் கலம் குறைவது. சிகிச்சை முடிந்ததும் முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

சில புற்றுகள் மருந்துக்கு மசியாததற்கும் விளக்கம் இங்கே இருக்கிறது. பி53 ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து ஆக்கிய பழுதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மாறாக, இரத்தப் புற்றுநோயின் சில வகைகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட்டு மருந்து நன்றாக வேலை செய்வது, நிணநீர்க் கலங்களை அது அப்பொப்டோசிஸுக்கு அனுப்புவதால்தான். பிசிஎல்-2ஐ நேராகப் பிடித்து, அது அடக்கி வைத்திருந்தவற்றை விடுவிக்கும் வெனெடோகிளக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிசிஎல்-2 கண்டறியப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின். சில நோயாளிகளில் புற்றுக் கலங்கள் ஒரேயடியாகச் செத்து, அவற்றின் உள்ளடக்கம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் அந்த மருந்தைச் சிறு அளவில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டுகிறார்கள். சாவின் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

தேயிலை புற்றுக் கலத்தைக் கொல்லும் என்கிறார்கள். கட்டு அனோதா இலையும் அப்படியாமே?

பச்சைத் தேயிலையில் ஈ.ஜி.சி.ஜி. என்ற கற்றெக்கின் அதிகம். ஆய்வுகூடக் கிண்ணத்தில் புற்றுக் கலங்களின் மேல் அதை ஊற்றினால் அவை அப்பொப்டோசிஸில் சாவது உண்மை. ஆனால் கிண்ணத்தில் ஊற்றும் செறிவு, தேநீர் குடித்தவரின் குருதியில் வரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். நம் தொழிற்சாலைகளில் கறுப்புத் தேயிலையாக நொதிக்கவிடும்போது அந்தக் கற்றெக்கின்களின் பெரும்பகுதி தியாஃபிளேவின்களாகவும் வேறு பொருட்களாகவும் மாறிவிடுகிறது. தேநீர் நல்ல பானம், மனமாரக் குடியுங்கள். அது மருந்தல்ல. செறிவூட்டிய பச்சைத் தேயிலை மாத்திரைகளால் ஈரல் கலங்கள் செத்து, ஈரல் பழுதான நோயாளிகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் களத்துக்கு, அதாவது உணவுக்குழாய்க்கு, நல்லதல்ல.

கட்டு அனோதா என்று சந்தையில் கேட்டு வாங்கும் முள் சீத்தாவைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்கிறேன். அதிலுள்ள அனோனாசின் இழைமணியின் சுவாசச் சங்கிலியை நிறுத்திவிடும் பொருள். அதனால் கிண்ணத்திலுள்ள புற்றுக் கலம் சாகிறது. நரம்புக் கலமும் சாகிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நெடுங்காலம் எடுத்தவர்களிடையே பார்கின்சன் போன்ற நடுக்கநோய் அதிகமாகக் காணப்பட்டதை 1990களின் இறுதியில் எழுதினார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. மஹரகமவிலோ கண்டியிலோ தொடங்கிய சிகிச்சையை நிறுத்திவிட்டு இலைக் கசாயத்தை நம்புவதைப் பற்றிப் பேசுகிறேன். ‘கலத்தைக் கொல்லும்’ என்று எவராவது எதையாவது புகழ்ந்தால், எந்தக் கலத்தை என்று கேளுங்கள்.

பாரிசவாதத்தில் மூளைக் கலம் சாவதைத் தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும், நேரம் இருந்தால். குருதி அடைபட்ட நடுப்பகுதியில் கலங்கள் சில நிமிடங்களில் நசிவில் போய்விடும். அதைச் சுற்றிய வளையத்தில் குருதி குறைவாகவேனும் வந்துகொண்டிருக்கும். அங்கே கலங்கள் மணித்தியாலக் கணக்கில், பலவும் அப்பொப்டோசிஸ் முறையில், மெல்ல மெல்லப் போகும். காப்பாற்றக்கூடியது அந்த வளையம். பெரிய நாடி அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இழக்கப்படுகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும்.

மேல் டிவிஷனிலிருந்து பெரிய வீதிக்கு இறங்கவே எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல், விடியட்டும் என்று படுக்கவிடாமல், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணமில்லை.

கிருமிகள் இந்த ஏற்பாட்டை மாற்றிவிடுமா?

பல கிருமிகள் அதில்தான் கைவைக்கின்றன. வைரசு புகுந்த கலம் தானே செத்துவிட்டால் வைரசு பெருக முடியாது. ஆகவே கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் பப்பிலோமா வைரசு, ஈ6 என்ற புரதத்தால் பி53ஐ அழித்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி இந்த வைரசுக்கு எதிரானது. 2017இல் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. படிவத்தில் கையொப்பமிடத் தயங்காதீர்கள். காசநோய்க் கிருமியும் தான் குடியிருக்கும் பெருந்தின்கலம் ஒழுங்காகச் சாவதைத் தடுத்து, பின்னர் நசிவில் வெடிக்கச் செய்து பரவுகிறது.

உடலும் விடுவதில்லை. பற்றீரியா உள்ளே நுழைந்ததை உணர்ந்த கலம், காஸ்டெர்மின் புரதத்தால் தன் மென்சவ்வில் தானே துளையிட்டு, வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிச் சாகும் முறை ஒன்றும் உண்டு. பைரோப்டோசிஸ் என்பார்கள். அப்பொப்டோசிஸைக் கிருமி தடுத்துவிட்டால் மாற்றுவழியாக, நசிவு போலக் கலம் வெடித்துச் சாகும் நெக்ரோப்டோசிஸ் தொடங்கும். எல்லாச் சாவும் அமைதியானதல்ல. சில வேளை சத்தம் போட்டுச் சாவதுதான் அயலாரைக் காக்கும்.

சாகத் தொடங்கிய கலம் திரும்பி வருமா?

வரலாம். கஸ்பேஸ்-3 விழித்துக் கலம் சுருங்கிய பின்னும், சாவுச் சைகையை நீக்கினால் சில கலங்கள் மீண்டுவிடுகின்றன. 2012இல் இதற்கு அனஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதயத் தசைக்கு இது நன்மை. சிகிச்சையில் அரைகுறையாய்ச் செத்த புற்றுக் கலத்துக்கும் இதே வழி திறந்திருப்பது வருத்தமான செய்தி. வைத்தியர் சொன்ன சுற்றுகளை முடிக்காமல் நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாவரங்களிலும் இது நடக்குமா?

நடக்கிறது, நம் மலைகளின் வரலாறே அதோடு தொடர்புடையது. தேயிலைச் செடியில் நீர் ஏற்றும் காழ்க்கலன்கள் செத்த கலங்கள்தான். தம் உள்ளடக்கத்தைத் தாமே கரைத்துவிட்டுக் குழாயானவை.

இங்கே முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அந்தப் பங்கசு உயிருள்ள கலத்தில் மட்டுமே உணவெடுக்கும். எதிர்ப்புத்திறன் கொண்ட கோப்பி இனங்களில், பங்கசு நுழைந்த கலமும் அதைச் சுற்றிய சில கலங்களும் உடனே தம்மை மாய்த்துக்கொள்கின்றன. பங்கசு பட்டினியில் முடிகிறது. நம் மலைகளில் நட்டிருந்த அராபிக்காவில் அந்த உணர்வு இருக்கவில்லை. இலைக் கலங்கள் உயிரோடு இருந்து பங்கசுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தன. ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வோர்ட் 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி நோயின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இரு தசாப்தங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன; ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த மலைகளை எல்லாம் மூடியது.

தாவரங்களில் நமக்குள்ள கஸ்பேஸ்கள் இல்லை. தூரத்து உறவான மெட்டாகஸ்பேஸ்கள் இருக்கின்றன. அவை அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின், லைசின் இருக்கும் இடத்தில் வெட்டுகின்றன. பரீட்சையில் இரண்டையும் ஒன்றென்று எழுதிவிடாதீர்கள்.